பின்வலது

அய்யந்துரையை எடுத்த அடுத்த ஞாயிறு
காலை ஆறேகாலுக்கு
சூரமங்கலம் மைதானத்தில் ஒன்பது பேர் நின்றோம்.
பூப்பந்துக்குப் பத்துப் பேர் வேண்டும்.
யாரும் எண்ணவில்லை.

நான் அவருக்கு எதிர்ப்பக்கம் ஆடியவன்,
முப்பத்தொரு வருஷம்.
என் பேர் அவர் வாயில் வந்ததே இல்லை.
ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்ததால்
பார்சல்.
‘பார்சல், இந்தா, டெலிவரி எடுத்துக்க’
என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார்.
சொன்ன பிறகும் எடுக்க முடியாது.

இழவு வீட்டில் எல்லாரும்
எழுபத்தொன்றைப் பேசினார்கள்.
படைவீரர் சங்கத்துச் செயலர்
தாளை விரித்து வாசித்தார்:
சிக்னல் படை, கிழக்கு எல்லை, ஹவில்தார்.
என்னிடம் அவர் போரைப் பற்றிச் சொன்னது
ஒரே ஒரு தடவை, டீக்கடையில், வடை தின்றபடி:
‘கம்பி இழுத்தேன். அறுந்துச்சு. முடிஞ்சேன்.
மறுபடி அறுந்துச்சு.
அதுல யார் பேசினாங்க, என்ன பேசினாங்க,
நமக்கு எப்படித் தெரியும்?’

ஊர் திரும்பி
வெள்ளைக்கல் சுரங்கத்தில் எடைமேடை எழுத்தர்.
லாரி ஏறும், முள் ஆடும்,
ஆடி நிற்கும் வரை பேனாவைத் திறக்க மாட்டார்.
சாயங்காலம் புருவம் வரை வெளுத்து வருவார்.
வாளித் தண்ணீரோடு வாசலில் கந்தாயி அக்கா:
‘கழுவிட்டு உள்ள வாங்க, மாவு மில்லுக்காரரே.’

ஒன்பது டன்னைப் பதினொன்று என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதவில்லை.
ஆறு மாதம் ராத்திரி ஷிப்டு போட்டார்கள்.
ஞாயிறு காலை சுரங்கத்திலிருந்து நேராக வந்து
கண் செருக ஆடினார்.
அந்த ஆறு மாதமும் நாங்கள் ஜெயித்தோம்.
அந்த ஆறு மாதம் மட்டும்.

மகள் தமயந்தி கல்யாணமும் ஒரு ஞாயிறுதான்.
ஆறு மணிக்குப் பட்டு வேட்டியோடு வந்து
‘வலையை மட்டும் கட்டிட்டுப் போறேன்’ என்றார்.
கட்டினார்.
ஒரு பந்து அடித்துப் பார்த்தார்.
முகூர்த்தத்துக்கு ஆள் அனுப்பித் தேடினார்கள்.

கந்தாயி அக்காவுக்குச் சிறுநீரகம் போனபோது
செவ்வாயும் வெள்ளியும் பெரிய ஆஸ்பத்திரி.
வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
எங்கள் எல்லார் மட்டைக்கும் நரம்பு கட்டினார்.
நர்ஸ் திட்டினாளாம்.
இரண்டு வருஷம் எங்கள் மட்டைகள்
அத்தனை விறைப்பாய் இருந்தன.
நாங்கள் நன்றி சொல்லவில்லை,
காரணம் கேட்கவும் இல்லை.

மகன் இளவழகன் ஓசூரில்.
எட்டு வருஷம் பேச்சில்லை.
என்ன சண்டை என்று தெரியாது.
ஒருநாள் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே,
தலை நிமிராமல்,
‘அவன் உள்ளேன்னான், பார்சல்.
நான்தான் அவுட்டுன்னுட்டேன்’ என்றார்.
பந்தைப் பற்றியா என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வலையின் மேல்கயிறு தொண்ணூற்றாறில் அறுந்தது.
கறுப்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து
முடிந்துவிட்டார்.
நடுவிலிருந்து ஒரு சாண் வலப்பக்கம் இருக்கிறது முடிச்சு.
பந்து அதில் பட்டால்
எங்கே விழும் என்று முருகனுக்கும் தெரியாது.
புது நைலான் வலை வாங்கலாம் என்கிறான்
ஸ்டீல் பிளாண்ட் பையன்.
வாங்கலாம்தான்.

அன்றைக்கு நான்தான் முதல் பந்து போட்டேன்.
கை பழகிய பழக்கம்,
மஞ்சள் கம்பளிப் பந்து
சேர்வராயன் மலைக்காற்றில் கொஞ்சம் வளைந்து
ஆளில்லாத பின்வலது மூலைக்குப் போனது.
போய், கோட்டோரம் விழுந்தது.

கோட்டுக்கு வெளியே இளவழகன்.
மட்டையைத் திருப்பித் தர வந்தானாம்.
மொட்டைத் தலை,
கறுப்பு ஷூ.
குனிந்து பந்தை எடுத்தான்.
உள்ளேயா, வெளியேயா என்று
ஒன்பது பேரும் அவனைப் பார்த்தோம்.

பந்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.
அவன் எதுவும் சொல்லவில்லை.
கட்டைவிரலால் அதைத்
துடைத்துக்கொண்டே இருந்தான்.

எத்தனைக்கு எத்தனை
என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.